வெனீர் ஷட்டருக்கு எத்தனை எம்.எம். பிளைவுட்?

கேள்வி இதுதான். பெருங்குடியில் புது ஃப்ளாட். படுக்கையறையில் ஏழடி உயர வார்ட்ரோப், ஆறு ஷட்டர் (கதவு), ஒவ்வொன்றும் 20 இஞ்ச் அகலம். வெளிப்பக்கம் தேக்கு வெனீர், அதாவது மேலே மெல்லிய தேக்கு ஏடு உள்ள ஷீட், ஒட்டிப் பாலிஷ் போட வேண்டும். ஆசாரி 18 எம்.எம். பிளைவுட்மேல் 4 எம்.எம். வெனீர், உள்பக்கம் மெல்லிய மைக்கா என்கிறார். கடைக்காரர் 12 எம்.எம். போதும் என்கிறார். இன்டீரியர் டிசைனர் கொடுத்த காகிதத்தில் 16 என்று இருக்கிறது. கீல், ஹேண்டில், கதவின் ஓரத்தில் ஒட்டும் எட்ஜ் டேப் மூன்றும் ஏற்கெனவே வாங்கி வீட்டில் இருக்கின்றன. யார் பேச்சைக் கேட்பது? சமையலறை லாஃப்ட் கதவுகளுக்கும் அதே பலகைதானா?

முதலில் விடை. 12 எம்.எம். பிளைவுட் வாங்குங்கள். முன்பக்கம் 4 எம்.எம். தேக்கு வெனீர், பின்பக்கம் 4 எம்.எம். மலிவான வெனீரோ சாதா பிளைவுட்டோ. கடைக்காரர் சொன்ன 12-ம் நான் சொல்லும் 12-ம் ஒன்றாக இருக்க வாய்ப்பு குறைவு. அவர் 12-ம் 4-ம் சேர்த்து 16 என்று அதோடு நிறுத்தியிருப்பார். பின்பக்கத்து 4-ஐ விட்டுவிட்டால் என் விடை செல்லாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் மீதி எல்லாம். அம்பத்தூரில் இருபது வருடத்துக்கும் மேலாக மரப்பட்டறை வைத்திருக்கிறேன், இதில் அடியும் வாங்கியிருக்கிறேன்.

மூன்று பேருமே உள்ளே இருக்கும் பலகையின் தடிமனைத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கீலுக்கும் ஹேண்டில் ஸ்க்ரூவுக்கும் டேப்புக்கும் வேண்டியது ஒட்டி முடித்த கதவின் மொத்தத் தடிமன். அதனால் கணக்கைக் கடைசியிலிருந்து போட்டு வர வேண்டும். கதவு எத்தனை எம்.எம்.மில் முடிய வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதிலிருந்து முன்னால் ஒட்டுவதையும் பின்னால் ஒட்டுவதையும் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் வாங்க வேண்டிய பிளைவுட்.

அப்புறம், பலகையில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சாதாரண பிளைவுட்டுக்கான தரநிலை ஐ.எஸ். 303, மரைன் பிளைவுட்டுக்கானது ஐ.எஸ். 710. 6 எம்.எம்.மும் அதற்கு மேலும் உள்ள பலகையில் ஐந்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அவையே இடம் கொடுக்கின்றன. 17.1-லிருந்து 18.9 வரை எல்லாமே நியாயமான 18-தான். என் அனுபவத்தில் கூடுதலாக வந்த பலகையை விரல் விட்டு எண்ணிவிடலாம். குறைந்தால்தானே மில்காரருக்கு மரம் மிச்சம்.

வெனீரும் அப்படித்தான். 4 எம்.எம். என்று விற்கும் ஷீட்டில் மேலே இருக்கும் நிஜத் தேக்கு அரை எம்.எம்.தான் இருக்கும். அதற்குக் கீழே இருப்பது மெல்லிய பிளைவுட். மொத்தத்தையும் வெர்னியர் அளவுகோலில் பிடித்தால் 3.4, 3.5, மிஞ்சிப் போனால் 3.6.

பழைய ஆசாரிகள் இன்னும் நூல் கணக்கில் பேசுவார்கள். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். 'ஆறு நூல் பலகை' என்றால் முக்கால் இஞ்ச், அதாவது 19 எம்.எம். அப்படிக் கேட்டால் கடையில் 18-ஐ எடுத்துப் போடுவார்கள், வீட்டுக்கு வந்து அளந்தால் 17.3 இருக்கும். வாயால் சொன்னதற்கும் கைக்கு வந்ததற்கும் நடுவில் ஒன்றேமுக்கால் எம்.எம். போய்விட்டது. சுவரில் அடிக்கும் பலகைக்கு இதனால் ஒன்றும் கெடாது. ஷட்டருக்குக் கெடும்.

இப்போது உங்கள் ஆசாரியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிளைவுட் 17.3, வெனீர் 3.5, உள் மைக்கா 0.8, இரண்டு பக்கப் பசையும் சேர்த்து 0.2. கூட்டினால் 21.8.

வீட்டில் இருக்கும் எட்ஜ் டேப்பை எடுத்து அகலத்தைப் பாருங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மர டேப் 22 எம்.எம். அகலம். 21.8 கதவுக்கு 22 டேப் சரியாகப் போய்விடுமே என்று தோன்றும். டேப்பை ஒட்டும்போது இரண்டு ஓரத்திலும் ஆளுக்கு ஒரு எம்.எம். வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், பிறகுதான் அதைச் சீவி ஓரத்தோடு சமப்படுத்த முடியும். நீட்டல் இல்லாமல் ஒட்டினால், கை கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் பிளைவுட் கோடு வெள்ளையாகத் தெரியும். ஏழடி நீளத்துக்குக் கை சாயாமல் ஒட்டும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்து ஹேண்டில். ஹேண்டிலோடு பொட்டலத்தில் வரும் ஸ்க்ரூ பெரும்பாலும் 25 எம்.எம். நீளம். 21.8 கதவைத் துளைத்து வெளியே வந்தால் ஹேண்டிலுக்குள் ஏறுவதற்கு மூன்று எம்.எம்.தான் மிச்சம். அதில் சில மரைதான் பிடிக்கும். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. தினமும் இழுத்து இழுத்து ஒருநாள் ஹேண்டில் கையோடு வந்துவிடும். நீள ஸ்க்ரூ வாங்கினால் தீர்ந்துபோகிற விஷயம்தான், ஆனால் அது வேண்டும் என்று பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் தோன்றுவதில்லை.

கீல் இன்னொரு பாடு. சாஃப்ட் குளோஸ் கீலுக்குக் கதவின் பின்பக்கம் 35 எம்.எம். விட்டத்தில் வட்டக் குழி போட வேண்டும், ஆழம் 12-ஐ ஒட்டி வரும். அதனால்தான் 12 பலகையை மட்டும் வைத்துக் கதவு செய்ய முடியாது, குழி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். மெல்லிய கதவில் இப்படிச் சிக்கல் என்றால், தடித்த கதவில் வேறு மாதிரி. தடிமன் கூடக் கூட, திறக்கும்போது கதவின் ஓரம் பக்கத்துக் கதவின் இடத்துக்குள் நுழைந்து திரும்பும். உங்கள் வார்ட்ரோப்பில் ஒரே தடுப்புப் பலகையில் இரண்டு பக்கமும் கீல் வரும் இடங்கள் இருக்கும். அங்கே இரண்டு ஷட்டருக்கு நடுவில் விடுவது மூன்று எம்.எம். சந்து. 18, 19 எம்.எம். கதவு அந்தச் சந்துக்குள் சிக்கலில்லாமல் திரும்பும். 22-ஐத் தொட்டால் இரண்டு கதவையும் ஒன்றாகத் திறக்கும்போது ஓரமும் ஓரமும் உரசி, பாலிஷ் போகும். கீல் கம்பெனி கொடுக்கும் கேட்லாக்கில் தடிமனுக்கு எவ்வளவு சந்து என்று ஒரு அட்டவணை இருக்கும். எந்த ஆசாரியும் அதைப் பிரித்துப் பார்த்து நான் கண்டதில்லை. பெட்டியைப் பிரித்ததும் முதலில் குப்பைக்குப் போவது அந்தக் காகிதம்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். ஏழடிக்கு 20 இஞ்ச் கதவு, பதினெட்டரை எம்.எம்.மில் முடிந்தால் 13 கிலோ அளவுக்கு வரும். ஆசாரி சொன்னபடி செய்தால் 16-ஐ நெருங்கும். ஏழடிக் கதவுக்கு எப்படியும் நான்கு கீல் வேண்டும், 16 கிலோ என்றால் ஐந்து போடுவது நல்லது. மூன்று கீலில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

இதெல்லாம் சில்லறைத் தொந்தரவு. கதவு வளைவதுதான் பெரிய தொந்தரவு. அதற்கும் தடிமனுக்கும் இருக்கும் உறவை எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

பட்டறை ஆரம்பித்த மூன்றாவது வருடம். திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே ஒரு வீடு. ஏழடி வார்ட்ரோப், நான்கு ஷட்டர். கனமான பலகை போட்டால் வளையாது என்று நானும் நம்பிய காலம். நல்ல மரைன் பிளைவுட் 18 எம்.எம்., வெளியே 4 எம்.எம். வெனீர், மெலமைன் பாலிஷ் கண்ணாடி மாதிரி. உள்ளே? 'உள்பக்கத்தை யார் சார் பார்க்கப் போறாங்க' என்றார் பாலிஷ்காரர். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு கை பிரைமர், ஒரு கை பெயின்ட், அவ்வளவுதான். சித்திரையில் மாட்டினோம். ஒரு மயிரிழை பிசகவில்லை.

ஐப்பசி மழை பிடித்து பத்து நாள் இருக்கும், அந்த வீட்டு அம்மா போன் செய்தார். "தம்பி, அலமாரி வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குதுப்பா." போய்ப் பார்த்தால் நான்கில் மூன்று கதவின் மேல் மூலையும் கீழ் மூலையும் பெட்டியை விட்டு வெளியே வந்து நின்றன. ஒரு மூலையில் என் சுண்டுவிரல் உள்ளே போனது. மேலிருந்து கீழே நூல் பிடித்துப் பார்த்தோம். கதவு நடுவில் பெட்டிப் பக்கமாக வயிறு தள்ளியிருந்தது. கீலில் இருக்கும் ஸ்க்ரூக்களைத் திருகி மேல் கீலை உள்ளே இழுத்தோம். மூலை கொஞ்சம் இறங்கியது, உடனே கீல் பக்கத்து ஓரம் பெட்டியில் இடிக்க ஆரம்பித்தது. கீலைத் திருகிக் கதவின் நிலையைச் சரிசெய்யலாம், கதவின் வடிவத்தை மாற்ற முடியாது.

நடந்தது இதுதான். வெளிப்பக்கம் வெனீரும் நான்கைந்து கை பாலிஷும் சேர்ந்து காற்றின் ஈரத்தை எளிதில் உள்ளே விடவில்லை. உள்பக்கம் ஒற்றைப் பெயின்ட், ஈரத்தை இஷ்டத்துக்குக் குடித்தது. குடித்த பக்கம் நீண்டது, குடிக்காத பக்கம் அப்படியே இருந்தது. ஒரு பக்கம் நீண்டால் பலகை மறுபக்கமாகத்தான் சுருளும். இதோடு ஒட்டும்போதே ஒரு வினை இருந்தது. தண்ணீர்ப் பசையில் நனைந்த வெனீர் ஷீட் காயும்போது சுருங்கித் தன் பக்கமாகப் பலகையை இழுக்கும். பின்னாலும் அதேபோல ஒன்று இழுத்துக்கொண்டிருந்தால் இரண்டும் சரிக்குச் சரி. பின்னால் எதுவும் இல்லாததால் இழுப்பு ஒருதலையாக நின்றது. சித்திரையில் அது கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்திருக்கும். மழை வந்ததும் இரண்டும் ஒரே பக்கம் கூட்டுச் சேர்ந்துவிட்டன.

மூன்று கதவையும் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு வந்து, எதிர்ப்பக்கமாக எடை ஏற்றி ஒரு வாரம் வைத்தோம். பின்பக்கம் 4 எம்.எம். ஷீட் ஒட்டினோம். இரண்டு சரியாயின. மூன்றாவது சரியாகவே இல்லை, புதிதாகச் செய்தேன். வெனீர் வரிசை போய்விட்டதால் அந்தக் கதவு மட்டும் மற்றதோடு சேராமல் இன்றும் தனியாகத் தெரியும்.

பலகை தடிக்கத் தடிக்க விறைப்பு கூடும் என்பது உண்மைதான். தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும், 12-க்கு 18 ஒன்றரை மடங்கு தடிமன், விறைப்போ மூன்று மடங்குக்கும் மேல். கை வைத்து அழுத்தினால் வளையாமல் நிற்பதற்கு அது உதவும். ஈரம் உள்ளிருந்து இழுப்பதற்கு அது பெரிய தடையில்லை. என் 18 மரைன் பலகையே ஏழடியில் சுண்டுவிரல் கனம் வளைந்தது. முன்னால் என்ன ஒட்டுகிறோமோ அதே கனத்தில், அதே போக்கில் பின்னாலும் ஒட்டிய 12 பலகை வளையாமல் நிற்கிறது.

பிளைவுட்டே இந்த யோசனையில் பிறந்ததுதான். மெல்லிய மர ஏடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி, பெரும்பாலும் ஒற்றைப்படையில் நிறுத்துவார்கள். நடு ஏட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக. மில்லில் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த சமத்தை, நாம் ஒரு பக்கம் மட்டும் 4 எம்.எம். ஒட்டிக் கெடுக்கிறோம். உள்ளே 0.8 மைக்கா போட்டால் சமம் ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். ஈரத்தைத் தடுக்கும் விஷயத்தில் மைக்கா கெட்டிக்காரன், ஒன்றும் போடாததற்கு எவ்வளவோ மேல். சின்னக் கதவில் அது போதும். ஏழடியில் அதை நம்ப மாட்டேன், 4 எம்.எம். ஷீட்டின் இழுப்பும் 0.8 மைக்காவின் இழுப்பும் ஒன்றல்ல.

சரி, இப்போது என் கணக்கு. 12 பிளைவுட் கைக்கு வருவது 11.4. முன்னால் 3.5, பின்னால் 3.5, பசை 0.2. ஏறத்தாழ 18.6. நீங்கள் வாங்கிய 22 டேப் இரு ஓரமும் நீட்டலோடு ஒட்டும். 25 எம்.எம். ஹேண்டில் ஸ்க்ரூ ஆறு எம்.எம்.க்கு மேல் உள்ளே ஏறும். கீல் குழிக்குப் பின்னால் ஆறு எம்.எம். மரம் நிற்கும். மூன்று எம்.எம். சந்தில் கதவு உரசாமல் திரும்பும். வீட்டில் இருக்கும் எதையும் மாற்ற வேண்டாம். டிசைனர் 16 என்று எழுதியதற்கும் இதே மாதிரி ஒரு கணக்கு இருந்திருக்கும், 16-ம் 4-ம் சேர்த்து 20-ல் முடிக்கலாம் என்று. பின்பக்கத்தை அவரும் எழுதவில்லை.

செலவு? 12 பலகை 18-ஐவிட மலிவு, அந்த மிச்சம் பின்பக்கத்து ஷீட்டுக்குப் போய்விடும். ஒட்டுக்கூலி கொஞ்சம் கூடும். பின்னால் தேக்கே வேண்டும் என்பதில்லை, ஆனால் கனம் 4 இருக்க வேண்டும், மேல் ஏட்டின் ரேகை முன்பக்கம் மாதிரியே மேலிருந்து கீழாக ஓட வேண்டும். துண்டு மிச்சம் பிடிக்கிறேன் என்று ஷீட்டைக் குறுக்காக வெட்டி ஒட்ட ஆசாரிக்குக் கை துருதுருக்கும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். முன்னால் எத்தனை கை சீலர் (பாலிஷுக்கு முன் போடும் அடிப்பூச்சு), எத்தனை கை பாலிஷோ பின்னாலும் அத்தனை. 'யார் பார்க்கப் போறாங்க' என்ற வசனம் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இந்த முறையின் உயிர் ஒட்டுவதில் இருக்கிறது. மூன்று பலகையும் ஒன்றாகச் சேரும் நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே காய்ந்து நிற்கும். நேராக வைத்து அழுத்தினால் நேர்க்கதவு, ஃப்ளாட்டின் மேடு பள்ளத் தரையில் போட்டு அழுத்தினால் அந்த மேடு பள்ளம் கதவில் நிரந்தரம். முடிந்தால் பலகையை அழுத்தி ஒட்டும் பிரஸ் மெஷின் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்து ஒட்டி வாங்குங்கள், ஷீட் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு செய்து தருவார்கள். வீட்டிலேயேதான் என்றால், ஒரு தடித்த பலகையைத் தரையில் போட்டு அடியில் ஆப்பு கொடுத்து மட்டம் பார்த்துக்கொண்டு, அதன்மேல் கதவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இன்னொரு தடித்த பலகை வைத்து டைல்ஸ் பெட்டிகளை ஏற்றி ராத்திரி முழுக்க விட வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே வேளையில் ஒட்ட வேண்டும். இன்று முன்பக்கம், நாளை பின்பக்கம் என்றால் இன்று ராத்திரியே வளைய ஆரம்பித்துவிடும்.

வெள்ளைப் பசைதான், ஃபெவிகால் எஸ்.எச். மாதிரி. மைக்கா ஒட்டும் மஞ்சள் ரப்பர் பசை வெனீருக்கு வேண்டாம். பாலிஷில் இருக்கும் தின்னர் அந்தப் பசையை இளக்கிவிடும், அங்கங்கே கொப்புளம் எழும். ஆணி அடித்துப் பிடிக்கும் பழக்கமும் வேண்டாம், தலையை மூடிய புட்டி பாலிஷ் போட்டதும் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும்.

பிளாக் போர்டு போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். உயரமான கதவுக்கு அது நல்ல பலகைதான். உள்ளே நீளவாக்கில் மரச்சட்டங்கள் ஓடுவதால் எடை குறைவு, நீளத்தில் வளைவதும் குறைவு. ஆனால் 12-ல் கிடைப்பது அரிது, 19-ல் வாங்கினால் மேலே 4-ம் 4-ம் ஏற்றிக் கதவு 26-ஐத் தொடும். 19 பிளாக் போர்டின் இரண்டு பக்கமும் அரை எம்.எம். வெறும் வெனீர் ஏட்டை நேரடியாக ஒட்டுவதுதான் அதற்குச் சரியான வழி, கதவு 20-ல் முடியும். அதற்குப் பிரஸ் கட்டாயம், பலகையும் மேடு பள்ளமில்லாததாக இருக்க வேண்டும். அரை எம்.எம். ஏடு கீழே இருக்கும் ஒவ்வொரு குழியையும் காட்டிக் கொடுத்துவிடும். பிளாக் போர்டில் கீல் போடும்போது சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் சந்தில் ஸ்க்ரூ இறங்கினால் பிடிப்பே இருக்காது. மட்டமான போர்டில் இந்தச் சந்து விரல் போகும் அளவுக்கு இருக்கும். வாங்கும்போது இரண்டு தலைப்பக்கத்தையும் பார்த்து வாங்குங்கள்.

எம்.டி.எஃப்., அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, வழவழப்பானது, வெனீர் அழகாக உட்காரும். ஏசி அறைக்கும் மழைக்காலச் சென்னைக்கும் நடுவில் அல்லாடும் ஏழடிக் கதவுக்கு நான் அதைப் போட மாட்டேன். கீல் ஸ்க்ரூ ஒருமுறை பிய்ந்தால் திரும்பப் பிடிக்காது.

பிளைவுட் வாங்கும்போது ஒரு நடை நீங்களே கடைக்குப் போங்கள். 12 பலகையைக் குறுக்கு ஓரத்தில் பாருங்கள். ஏடுகள் ஒரே கனமாக, நடுவில் ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும். உள்ளே ஏடு இல்லாத இடத்தில் கீல் குழி விழுந்தால் அந்தக் கீல் நிற்காது. பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் ஓட்டை இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். பிறகு பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, ஓரத்தில் ஒரு கண்ணை வைத்து மேலிருந்து கீழே பாருங்கள், துப்பாக்கி குறி பார்ப்பது மாதிரி. வளைந்த பலகையை எடை வைத்து நேராக்கிவிடலாம் என்று கடையில் சொல்வார்கள். அவர்களே நேராக்கிக் கொடுக்கட்டும். கிரேடைப் பொறுத்தவரை, படுக்கையறைக்கு ஐ.எஸ். 303-ல் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரை ஓரளவு தாங்கும் கிரேடு) போதும். 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் தாங்கும் பசை உள்ள ஐ.எஸ். 710 மரைன் பலகை சமையலறை சிங்க் அடியில் போடத்தான். அதிக விலை கொடுத்தால் வளையாது என்று நினைத்தால் திருவான்மியூர் கதையை மறுபடி படியுங்கள். அந்தப் பசை தண்ணீரில் பிரியாது, அவ்வளவுதான். மரம் ஈரத்தைக் குடிப்பதை அது நிறுத்தாது.

வெனீர் ஷீட் எட்டுக்கு நான்கு. உங்கள் கதவு 20 இஞ்ச், ஒரு ஷீட்டில் இரண்டு கதவு வரும், எட்டு இஞ்ச் பட்டை மிஞ்சும். ஆறு கதவுக்கு முன்பக்கம் மூன்று ஷீட். மூன்றும் ஒரே கட்டிலிருந்து அடுத்தடுத்து வருபவையா என்று கேட்டு வாங்குங்கள், பின்னால் எண் போட்டிருப்பார்கள். வேறு கட்டு என்றால் நிறமும் ரேகையும் வேறாகத்தான் இருக்கும், எந்தப் பாலிஷும் அதை ஒன்றாக்காது. பலகையையும் வெனீரையும் சுற்றிலும் ஐந்து ஐந்து எம்.எம். கூடுதலாக வெட்டி ஒட்டி, காய்ந்த பிறகு சரியான அளவுக்கு அறுக்கச் சொல்லுங்கள். அறுத்த கையோடு ஒவ்வொரு கதவின் பின்னாலும் இடமிருந்து வலமாக ஒன்று முதல் ஆறு வரை சாக்பீஸில் எழுதிவிடுங்கள். தலைகீழாக மாட்டாமல் இருக்க மேல்நோக்கி ஒரு அம்புக்குறியும் போடுங்கள். இதைச் செய்யாததால் ரேகை தலைகீழாக நிற்கும் வார்ட்ரோப்புகளை நிறைய பார்த்திருக்கிறேன். தேய்ப்பதற்கு 180 தாள், பிறகு 240, கையால்தான், ரேகை ஓடும் திசையில். மேலே இருப்பது அரை எம்.எம். தேக்குதான் என்பதை ஆசாரியின் பையனுக்கு யாராவது சொல்லியாக வேண்டும். சாண்டிங் மெஷினை ஓரத்தில் இரண்டு நொடி கூடுதலாக நிறுத்தினாலே தேக்கு போய் உள்ளே இருக்கும் வெளிர் பிளைவுட் தெரியும்.

டேப்புக்குப் பதில் தேக்குப் பட்டி அடிப்பது இன்னும் அழகு. ஐந்தாறு எம்.எம். கனத்தில் பட்டியைச் சுற்றிலும் ஒட்டி இழைத்துவிட்டால் பிளைவுட்டின் கோடு, ஷீட்டின் கோடு எதுவும் தெரியாது, ஓரம் அடிபட்டாலும் மரம்தான் அடிபடும். அப்போது பலகையைப் பட்டியின் கனம் கழித்துச் சிறிதாக வெட்ட வேண்டும். டேப் வாங்கியாகிவிட்டதே என்றால், அதை லாஃப்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த லாஃப்ட் விஷயம் எளிது. இரண்டடி, இரண்டரையடிக் கதவில் வளைவு வந்தாலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வராது. அங்கே டிசைனர் சொன்ன 16 சரிதான். கைக்கு 15.3 வரும், முன்னால் வெனீர் 3.5, உள்ளே 0.8 மைக்கா, பசையோடு 19.8. அதே டேப், அதே ஸ்க்ரூ, இரண்டு கீல் போதும். அடுப்புக்கு நேர் மேலே வரும் கதவுக்கு மட்டும் கீழ் ஓரத்தில் ஒரு கை பாலிஷ் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லுங்கள், ஆவி அங்கேதான் முதலில் ஏறும். ஒரே வரிசையில் லாஃப்ட் கதவும் வேறு கதவுகளும் சேர்ந்து வருகிறது என்றால் மட்டும் எல்லாவற்றையும் ஒரே தடிமனில் செய்யுங்கள். ஒரு எம்.எம். வித்தியாசம்கூடப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்போது படிக்கட்டு மாதிரி தெரியும்.

பலகைகள் வந்து இறங்கியதும் நேராக அறுக்கப் போகாமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே விடுங்கள். சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம். அந்த இடைவெளியில் ஆசாரியிடம் ஓரத்துத் துண்டுகளில் ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் சாம்பிள் ஒன்று ஒட்டித் தரச் சொல்லுங்கள். முன்னால் வெனீர், பின்னால் வெனீர், நடுவில் 12. காய்ந்ததும் வெர்னியரில் நான்கு மூலையையும் அளந்து பாருங்கள். அதிலேயே ஒரு கீல் குழி போட்டு, ஒரு ஹேண்டிலை மாட்டி, ஒரு ஓரத்தில் டேப் ஒட்டிச் சீவச் சொல்லுங்கள். மூன்றும் ஒழுங்காக வந்தால் ஆறு கதவையும் அறுக்கச் சொல்லலாம்.